பதினொன்றேமுக்கால் வரை ஹூக் தைத்தேன்

போன வருடம் தை மாதம், ஒரு கல்யாணப் பட்டுச் சேலையின் பிளவுஸ் துணியில் இரண்டு கையையும் வலது கையாகவே வெட்டிவிட்டேன்.

தையல் தெரிந்தவர்களுக்கு இதைக் கேட்டாலே வயிற்றைக் கலக்கும். சேலையோடு வரும் துணி 80 செ.மீ. தான். ஜரிகை பார்டர் இரண்டு கைக்கும் அளவாக இருக்கும், மிச்சம் இருக்காது. பார்டர் வீணாகக் கூடாதென்று துணியை மடிக்காமல் விரித்துப் போட்டு ஒவ்வொரு கையாக வெட்டுவேன். முதல் கையை வெட்டியதும் கை அளவு அட்டையைத் திருப்பிப் போட வேண்டும். திருப்பாமலே கத்தரியை ஓட்டியிருக்கிறேன். இரண்டையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, முன்பக்க வளைவு இரண்டிலும் ஒரே பக்கம். பட்டுக்கு உள், வெளி உண்டு. புரட்டி வைத்தும் தைக்க முடியாது.

ஈரோடு வீரப்பன்சத்திரத்தில் 21 வருடமாகத் தைக்கிறேன். அந்தத் தப்பு அதுவரை ஒரு தடவைகூட வந்ததில்லை. துணிக்காரப் பெண்ணின் அம்மாவிடம் போய்ச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்துத்தான் போனேன். அவர் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "துணி கெடக்குதுங்க்கா. உங்க கண்ணு ரெண்டும் செவந்து கெடக்குது. மொதல்ல ஒடம்பப் பாருங்க" என்றார். அந்த வார்த்தைக்காகத்தான் மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அதற்கு முன் ஏறக்குறைய மூன்று மாதமாக நான் சரியாகத் தூங்கவில்லை.

ஆரம்பம் தீபாவளி. வருடா வருடம் வருகிற கதைதான்: 40 பிளவுஸ் ஒத்துக்கொள்ள வேண்டிய இடத்தில் 70 வாங்கிவிடுவேன். ராத்திரி 2 மணி வரை மிஷின் ஓடும். தீபாவளி முடிந்ததும் இரண்டு நாள் அடித்துப் போட்டமாதிரி தூங்கி எழுந்தால் சரியாகிவிடும். அந்த வருடம் ஆகவில்லை. 9 மணிக்கே படுத்தால் 11 மணி வரை புரண்டுகொண்டிருப்பேன். எப்படியோ கண் அசந்தால் 2.30க்கோ 3 மணிக்கோ முழிப்பு. பிறகு விடிய விடிய ஃபேனைப் பார்த்துக்கொண்டு கிடப்பது. மகளின் காலேஜ் ஃபீஸ், சீட்டுப் பணம், ஓவர்லாக் மிஷினுக்கு வாங்கிய கடன், எல்லாம் அந்த நேரத்துக்கு வரிசையாக வந்து நிற்கும். விடிந்ததும் அதே கடன் அவ்வளவு பெரிதாகத் தெரியாது.

சத்தம்தான் காரணம் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். எங்கள் வீட்டுக்கு இரண்டு பக்கமும் விசைத்தறி. ஆனால் நான் தறிக்குடியில் பிறந்தவள். சின்ன வயதில் கரண்ட் போய்த் தறி நின்றால்தான் வீட்டில் எல்லாரும் முழித்துக்கொள்வோம். அதனால் அந்தக் காரணத்தை நான் ஏற்கவே இல்லை.

ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஜாதிக்காய் இழைத்த பால் குடித்தேன். கசகசா அரைத்துக் குடித்தேன். உள்ளங்காலில் விளக்கெண்ணெய் தடவினேன். பக்கத்து வீட்டு அக்காவின் பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் தூக்க மாத்திரை வாங்கி, பாதி பாதியாக இரண்டு வாரம் போட்டேன். அது தப்பு, செய்யாதீர்கள். மாத்திரை போட்ட மறுநாள் காலை தலைக்குள் பஞ்சை அடைத்தமாதிரி இருக்கும். அந்தப் பட்டுத் துணியை வெட்டியதும் அப்படியொரு காலையில்தான். இவற்றோடு, எனக்கு ரொம்ப நியாயமாகப் பட்ட வேறு சிலதும் செய்தேன். சீக்கிரமே படுத்தேன். ராத்திரி விட்டதைப் பிடிக்க மத்தியானம் ஒரு மணி நேரம் படுத்தேன். ஞாயிற்றுக்கிழமை 8 மணி வரை எழுந்திருக்கவில்லை. தூக்கம் வராவிட்டாலும் உடம்புக்காவது ஓய்வு கிடைக்கட்டும் என்று கண்ணை மூடிக் கிடந்தேன்.

என் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தவை கடைசியாகச் சொன்ன இந்த நாலும்தான் என்று தெரிந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

நான் போனது மனநல மருத்துவரிடம். போகும்போது முந்தானையால் முகத்தை மறைக்காத குறை. இப்போது எல்லாரிடமும் சொல்கிறேன், சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. அந்த அம்மா முதலில் தூக்கத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. குறட்டை உண்டா, குறட்டைக்கு நடுவில் மூச்சு நின்று திணறி எழுகிறேனா, படுத்தால் காலில் ஊறல் எடுத்து ஆட்டிக்கொண்டே இருக்கத் தோன்றுகிறதா, மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா, ராத்திரி திடீரென்று வேர்க்கிறதா என்று கேட்டார். தைராய்டுக்கும் இரும்புச் சத்துக்கும் ரத்தம் எடுக்கச் சொன்னார். மூச்சுத் தடைக்கு வைத்தியம் வேறு, இரும்புச் சத்துக் குறைந்து வரும் கால் ஊறலுக்கு வைத்தியம் வேறு, அதையெல்லாம் விட்டுவிட்டுத் தூக்கத்தை மட்டும் பிடித்துத் தொங்கக் கூடாது என்றார். எனக்கு எல்லாம் சரியாகவே இருந்தது. வாரத்தில் மூன்று ராத்திரிக்குக் குறையாமல், மூன்று மாதத்துக்கு மேல் இப்படி நீடித்தால் அதை நாள்பட்ட தூக்கமின்மை என்பார்களாம். நான் அந்த வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

மாத்திரை எழுதித் தருவார் என்று உட்கார்ந்திருந்தேன். "ஒரு நோட்டுப் போடுங்கம்மா" என்றார். எத்தனை மணிக்குப் படுத்தேன், தோராயமாக எப்போது தூங்கினேன், எத்தனை தடவை முழித்தேன், எத்தனை மணிக்குப் பாயை விட்டு எழுந்தேன், இவ்வளவுதான் எழுத வேண்டும். அதுவும் காலையில் எழுந்த பிறகு. ராத்திரி மணி பார்க்கவே கூடாது.

அளவு எழுதும் நோட்டில் பின்பக்கமிருந்து ஆரம்பித்தேன். இரண்டு வாரம் எழுதிக் கொண்டுபோனதைக் கூட்டிப் பார்த்தார். ராத்திரி 9 முதல் காலை 6 வரை, 9 மணி நேரம் பாயில். அதில் தூங்கியது சராசரியாக 5 மணி 15 நிமிடம். நூற்றுக்கு 58. "உங்களால இப்ப அஞ்சேகால் மணி நேரம் தூங்க முடியுது. அதுக்கு எதுக்கு ஒம்பது மணி நேரம் பாய விரிக்கிறீங்க? இனி 11.45க்குப் படுங்க, 5.15க்கு எழுந்திருங்க. தூங்கினாலும் தூங்காட்டியும் 5.15" என்றார்.

தூக்கமே வராதவளைப் பார்த்து லேட்டாகப் படு என்கிறாரே என்று கோபம்தான் வந்தது. அதற்கு அவர் சொன்ன விளக்கத்தை இங்கே எழுதத்தான் இந்தப் பதிவே. தூக்கம் கெடுவதற்குக் காரணம் மூன்று அடுக்கு. இயல்பிலேயே கவலைப்படுகிற சுபாவம் ஒன்று. தூக்கத்தைக் கலைத்துப்போட்ட சம்பவம் இன்னொன்று, என் விஷயத்தில் தீபாவளி. மூன்றாவது, கலைந்த தூக்கத்தைப் பிடிக்க நாம் செய்கிற வேலைகள். சம்பவம் முடிந்து போய்விடும். மூன்றாவது போகாது, அதுதான் நோயை நிற்க வைக்கும். 1987ல் ஆர்தர் ஸ்பீல்மேன் என்ற அமெரிக்கர் வகுத்துச் சொன்னதாம் இது. பாயில் கிடக்கும் நேரத்தைச் சுருக்கும் வைத்தியமும் அவருடையதுதான்.

மகள் கோயம்புத்தூரில் நர்ஸிங் படிக்கிறாள். அவளிடம் போனில் கேட்டபோது இன்னும் தெளிவாகச் சொன்னாள். முழித்திருக்கிற ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகும், அது சேரச் சேரத்தான் தூக்கம் அழுத்தும். மத்தியானம் படுத்தால் அதில் கொஞ்சம் கரைந்துவிடும், ராத்திரிக்குப் போதுமான அளவு இருக்காது. "நாலு மணிக்கு முறுக்கு தின்னுட்டு ஏழு மணிக்குப் பசிக்கலைன்னா எப்படிம்மா?" என்றாள். டீயிலும் காபியிலும் இருக்கும் காஃபின் அந்த அடினோசின் போய் உட்காரும் இடத்தை அடைத்துக்கொள்ளுமாம். குடித்த காஃபினில் பாதி குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும். நான் சாயங்காலம் 6 மணிக்கு ஒன்று, வேலை இருந்தால் 8 மணிக்கு ஒன்று என்று குடித்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் 12க்கு மேல் டீ இல்லை என்று அன்றே முடிவு செய்தேன். இரண்டு நாள் தலைவலித்தது, பிறகு இல்லை.

முதல் வாரத்தை நான் மறக்கவே மாட்டேன். 9 மணிக்கே கண் சொக்கும். உட்கார்ந்தால் விழுந்துவிடுவேன் என்று பயந்து கைவேலையை எடுத்துக்கொண்டேன். மிஷின் வேலை கூடாது, கவனம் தப்பினால் ஊசி விரலில் ஏறிவிடும். ஹூக் தைப்பதும் எம்மிங் செய்வதும் மட்டும். டியூப் லைட்டை அணைத்துவிட்டு, மஞ்சள் பல்பு போட்ட மேசை விளக்கை மடிக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வேன். ஒரு பிளவுஸுக்கு ஆறு ஹூக். ஒவ்வொரு ஹூக்குக்கும் இரண்டு காதிலும் நாலு நாலு சுற்று, கழுத்தில் மூன்று, முடிச்சு, நூலைப் பல்லால் கடிப்பது. நாலாவது பிளவுஸ் முடியும்போது மணி 11.30 ஆகியிருக்கும். வீட்டுக்காரர் குறுக்கே புரண்டு படுத்து, "இன்னுமா புள்ள?" என்பார். "இன்னும் கால் மணி நேரம்" என்பேன். ஊர் முழுக்கத் தூங்க, தூக்கத்துக்கு ஏங்குகிற நான் மட்டும் தூக்கத்தைத் தள்ளிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அஞ்சாவது நாள் ராத்திரி தலையணையில் தலை வைத்தது ஞாபகம் இருக்கிறது. அடுத்த ஞாபகம் அலாரம்.

பாய்க்கும் ஒரு சட்டம் போட்டார் டாக்டர். பாய் தூங்க மட்டும். அதில் உட்கார்ந்து போன் பார்ப்பது, கணக்குப் போடுவது, மல்லாந்து யோசிப்பது எதுவும் கூடாது. ஏறக்குறைய 20 நிமிடம் ஆகியும் தூக்கம் வரவில்லை என்று தோன்றினால் எழுந்து வேறிடத்தில் உட்கார வேண்டும், கண் சொக்கிய பிறகுதான் திரும்ப வர வேண்டும். மூன்று மாதமாக அந்தப் பாயில் முழித்துக் கிடந்து, பாயைப் பார்த்தாலே மனசு முழித்துக்கொள்ளப் பழகியிருந்தது. அதை அழிக்க இதுதான் வழி. 1972லேயே ரிச்சர்ட் பூட்சின் என்ற உளவியல் அறிஞர் இதை எழுதியிருக்கிறார். நான் வாசல் திண்ணையில் போய் உட்காருவேன். முதல் வாரத்தில் ஒரே ராத்திரி மூன்று தடவை உட்கார்ந்திருக்கிறேன். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிச் சமையல்கட்டில் மாட்டினோம்.

சூடு பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பங்குனி, சித்திரையில் எங்கள் ஊர் வீடுகளில் ராத்திரிதான் வெக்கை அதிகம். பகல் முழுக்கத் தளம் வாங்கிய சூட்டை இருட்டியபின் உள்ளே இறக்கும். தூக்கம் வர உடம்பின் உள்சூடு கொஞ்சம் இறங்கியாக வேண்டும். சாயங்காலம் மொட்டை மாடியில் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தோம். படுப்பதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் வெதுவெதுப்பான தண்ணீரில் குளித்தேன். பச்சைத் தண்ணீரில் குளித்தால்தானே குளிர்ச்சி என்று நானும் கேட்டேன். வெந்நீர் பட்டால் கை, கால் தோலுக்கு ரத்தம் ஓடி வந்து உள்சூட்டை வெளியே விட்டுவிடும், அதனால் பிறகு உடம்பு குளிரும் என்றாள் மகள். செய்து பார்த்ததில் எனக்கு ஒத்துக்கொண்டது.

காலையில் 5.15க்கு எழுந்து கோலம் போட்டு, வெளிச்சம் வந்ததும் மாடியில் போய் முதல் டீயைக் குடிப்பேன். மூளையில் ஒரு கடிகாரம் இருக்கிறது, அதற்குச் சாவி கொடுப்பது காலை வெளிச்சம். இதில் எனக்குச் சிரமமே இல்லை, அதனால் நீட்டவில்லை. ராத்திரிக் கவலைகளுக்குச் சாயங்காலம் 6 மணிக்குப் பத்து நிமிடம் ஒதுக்கி, கடன் பெயரும் நாளைக்குச் செய்ய வேண்டியதும் எழுதி மூடிவைத்தேன். கடன் அப்படியேதான் இருந்தது. 3 மணிக்கு அதை எண்ணிப் பார்க்கும் வேலை மட்டும் இல்லாமல் போயிற்று.

முதல் வாரக் கணக்கில் ஐந்தரை மணி நேரத்துக்கு 4 மணி 50 நிமிடம் தூங்கியிருந்தேன். தூங்கிய நேரம் முன்னைவிடக் குறைவுதான். ஆனால் நூற்றுக்கு 88, நடுவில் ஓட்டை இல்லாத தூக்கம். 85ஐத் தாண்டினால் கால் மணி நேரம் கூட்டிக்கொள்ளலாம் என்பது விதி. 11.30 ஆனது, 11.15 ஆனது. நடுவில் இரண்டு வாரம் ஒன்றும் கூடவில்லை. ஒன்பதாவது வாரம் 10.30 முதல் 5.15 வரை வந்து நின்றது. அதில் 6 மணி 10 நிமிடம் தூங்குகிறேன். என் உடம்புக்கு அது போதும். எட்டு மணி நேரம் என்று பேப்பரில் படித்துப் படித்து, அது இல்லையே என்று பயந்த பயமும் என்னை எழுப்பிக்கொண்டிருந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

படித்துவிட்டு நாளைக்கே யாரும் இதை ஆரம்பித்துவிடாதீர்கள். முதல் இரண்டு மூன்று வாரம் பகலில் தூக்கம் கண்ணைக் கட்டும். லாரி, பஸ் ஓட்டுகிறவர்கள், ராத்திரி ஷிஃப்ட் தறியில் நிற்கிறவர்கள், வலிப்பு உள்ளவர்கள், மனம் ஒரேயடியாக ஏறி இறங்கும் நோய் உள்ளவர்கள் டாக்டர் இல்லாமல் தூக்க நேரத்தைக் குறைக்கவே கூடாது. நானே அந்த மூன்று வாரமும் பட்டுத் துணியைத் தொடவில்லை, வண்டி ஓட்டவில்லை. மாதக்கணக்கில் தூக்க மாத்திரை போடுகிறவர்கள் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. மெதுவாகக் குறைக்க வேண்டும், அதையும் எழுதிக் கொடுத்தவரே சொல்ல வேண்டும்.

போன தீபாவளிக்கு 45 பிளவுஸோடு நிறுத்திக்கொண்டேன். திரும்பிப் போனவர்களில் இரண்டு பேர் வேறு கடை பார்த்துவிட்டார்கள், வருத்தம்தான். கார்த்திகையில் அத்தைக்கு முடியாமல் ஆஸ்பத்திரியில் நாலு ராத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்த அன்று 3 மணிக்கு முழிப்பு வந்தது. மறுநாளும் வந்தது. மத்தியானம் பாயைப் பார்த்தபோது ஒரு மணி நேரம் படுத்தால் என்ன என்று உடம்பு கெஞ்சியது. பாயைச் சுருட்டிப் பீரோவுக்குப் பின்னால் வைத்துவிட்டு, நோட்டைப் பின்பக்கமிருந்து திருப்பி ஒரு புதுப் பக்கத்தில் தேதி போட்டேன். அன்று ராத்திரி மஞ்சள் விளக்குக்குக் கீழே மூன்று பிளவுஸுக்கு ஹூக் தைத்தேன்.