மேல் மாடி வீட்டில் ஒரு கத்திரிக் காலம்

ஏப்ரல் 24

நேற்று இரவும் அம்மா தூங்கவில்லை. இரண்டு மணிக்கு எழுந்து பார்த்தால், கூடத்துத் தரையில் ஈரத் துண்டை விரித்து அதன்மேல் உட்கார்ந்திருக்கிறார். வயது 74. "மேலேயிருந்து இஸ்திரிப் பெட்டியை வச்சு அழுத்துற மாதிரி இருக்கும்மா" என்றார்.

அப்படித்தான் இருக்கிறது. வேலூர் சத்துவாச்சாரியில் எங்களுடையது மேல் மாடி வீடு. தலைக்கு மேலே கான்கிரீட் தளம், அதற்கு மேலே வானம்தான். பகலெல்லாம் வெயிலைக் குடித்த தளம், இரவில் அதை உள்ளே இறக்குகிறது. மே 4 கத்திரி தொடங்கிவிட்டால் 28 வரை இன்னும் மோசம். ஏசிக் காற்று அம்மாவின் மூட்டு வலிக்கு ஒத்துக்கொள்வதில்லை. அதனால் வேறு வழிகளைச் செய்து பார்த்து, தினமும் இங்கே எழுதலாம் என்று இருக்கிறேன். மேல் மாடியில் பெரியவர்களோடு இருப்பவர்களுக்கு உதவும்.

ஏப்ரல் 25

முதல் வேலையாகச் சுவரில் மாட்டும் வெப்பமானி ஒன்று வாங்கி வந்தேன். இரவு பத்து மணிக்கு வீட்டுக்குள் 35 டிகிரி. அதையே எடுத்துப்போய் வெளி மாடிப்படியில் வைத்தேன். கால் மணி நேரத்தில் 30!

இத்தனை வருடமாகத் தலைகீழாகச் செய்திருக்கிறோம். காற்று வரட்டும் என்று பகலில் ஜன்னலைத் திறந்து வைத்தோம். உள்ளே வந்தது அனல். கொசுவுக்குப் பயந்து ஆறு மணிக்கே எல்லாவற்றையும் அடைத்தோம். சூடு வெளியேற வழியில்லாமல் போனது.

இனி காலை எட்டரைக்குள் ஜன்னல்களைச் சாத்தித் திரையை இழுத்துவிட வேண்டும். மேற்குப் பக்கம் கண்டிப்பாக. சூரியன் இறங்கி, வெளிக்காற்று உள்ளே இருப்பதைவிடக் குளிர்ந்தபின் எல்லாம் திறக்க வேண்டும். எதிரெதிரே இருக்கும் இரண்டு ஜன்னல்களைச் சேர்த்துத் திறந்தால்தான் காற்று ஓடும். கொசுவுக்கு, ஒட்டிப் பிரிக்கும் பட்டையோடு வரும் வலையை அளவெடுத்து வாங்கிவிட்டேன்.

ஏப்ரல் 27

இன்று தளத்துக்குச் சுண்ணாம்பு அடித்தோம். எனக்கு மிகவும் நிறைவான நாள்.

தாத்தாவின் பழைய வீடு மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்தரம், அதன்மேல் குத்துக்கல்லாக அடுக்கிய செங்கல், சுண்ணாம்புக் கலவை, எல்லாவற்றுக்கும் மேலே தட்டோடு. சித்திரையிலும் அந்தக் கூடத்தில் மதியத் தூக்கம் வரும். இன்றைய தளத்தில் அந்தக் கனமும் இல்லை, அந்தச் சுண்ணாம்பும் இல்லை. வெள்ளை நிறத்தையாவது கொடுக்கலாம் அல்லவா? வெள்ளைப் பரப்பு வெயிலைப் பெருமளவு திருப்பி அனுப்பிவிடும்; கறுத்த சிமெண்ட் தளம் விழுங்கிவிடும்.

கொத்தனார் அண்ணன் கிளிஞ்சல் சுண்ணாம்பை முந்தாநாளே டிரம்மில் நீற்றி வைத்திருந்தார். நீற்றும்போது தண்ணீர் கொதித்துத் தெறிக்கும், குழந்தைகளை அந்தப் பக்கமே விடக் கூடாது. ஆறிய சுண்ணாம்புப் பாலைத் துணியில் வடிகட்டி, உதிராமல் இருக்க ஃபெவிக்கால் கொஞ்சம் சேர்த்தார். தளத்தைப் பெருக்கி, பாசியைச் சுரண்டி, நனைத்துவிட்டுப் பிறகுதான் முதல் பூச்சு. அது காய்ந்தபின் குறுக்கே இரண்டாவது பூச்சு. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம் வேண்டும், கண்ணில் பட்டால் சுண்ணாம்பு பொல்லாதது.

மழைக்காலத்தில் இது கரைந்துபோகும், அடுத்த வருடம் மறுபடி அடிக்க வேண்டும். நிலைத்து நிற்க வேண்டுமென்றால் வெப்பம் தடுக்கும் வெள்ளைப் பெயிண்டோ வெள்ளை ஓடோ இருக்கிறது, செலவு கூடும். வாடகை வீட்டுக்காரர்களுக்குச் சுண்ணாம்பே போதும். வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஏப்ரல் 29

இரவு பத்து மணிக்கு உள்ளே 32. அம்மா நான்கு மணி வரை தூங்கினார்.

மே 2

மின்விசிறி மெதுவாகச் சுற்றுகிறதென்று புதிது வாங்கக் கிளம்பினேன். எலெக்ட்ரீஷியன் தம்பி தடுத்துவிட்டு, கண்டென்சரை மட்டும் மாற்றினார். பழைய வேகம் வந்துவிட்டது. இறக்கைகளின் முன் விளிம்பில் படிந்திருந்த அழுக்கையும் துடைத்தோம்.

சமையலையும் மாற்றியாகிவிட்டது. ஏழு மணிக்குள் சோறு, குழம்பு, பொரியல் எல்லாம் முடிந்து அடுப்பு அணைந்துவிடும். மதியம் அடுப்பு பற்றவைப்பதே இல்லை. இரவுக்கு மோர் விட்ட கம்பங்கூழ், சின்ன வெங்காயம், மோர் மிளகாய். மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றிவைத்தால் காலையில் நீராகாரம்.

மே 6

கத்திரி தன் வேலையைக் காட்டுகிறது. மதியம் ஜன்னலில் வெட்டிவேர்த் தட்டியைக் கட்டித் தண்ணீர் தெளித்தேன். இங்கே அடிப்பது வறண்ட காற்று, ஈரத்தைச் சட்டென்று உறிஞ்சும். அப்படி ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. அறை முழுக்க வேர் வாசனை. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இப்படித்தான். பானையை மூலையில் ஒளித்து வைக்காமல் காற்றோட்டத்தில், மணல் பரப்பிய தட்டின்மேல் வையுங்கள். சோப்பு போட்டுத் தேய்க்க வேண்டாம். தேங்காய் நாரால் கழுவினால் போதும்.

மே 9

இன்று பயந்துவிட்டேன். மதியம் அம்மா எழுந்து நின்றதும் தலை சுற்றிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். காலையிலிருந்து ஒரே ஒரு தம்ளர் தண்ணீர்தான் குடித்திருக்கிறார். கேட்டால், "தாகமே எடுக்கலையே" என்கிறார். வயதானால் தாக உணர்வு மங்கிவிடும். தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது. இரவில் கழிவறைக்கு எழ வேண்டுமே என்று வேண்டுமென்றே குடிக்காமல் இருப்பவர்களும் உண்டு. மாலைக்குள் பெரும்பகுதியைக் குடிக்க வைத்துவிட்டால் அந்தப் பயம் குறையும்.

படுக்கவைத்து, கழுத்திலும் அக்குளிலும் ஈரத் துணி வைத்து, உப்புச் சர்க்கரைக் கரைசலை வாய் வாயாகக் கொடுத்தேன். ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீருக்குத் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு இந்த அளவைத் தாண்டவே கூடாது. அரை மணி நேரத்தில் தெளிந்தார்.

மாலையில் டாக்டரிடம் போனோம். இரத்த அழுத்த மாத்திரைகளில் சில, சிறுநீரைக் கூட்டி உடம்பின் நீரைக் குறைக்கும். அம்மாவுடையது அந்த வகைதான், அளவை மாற்றிக் கொடுத்தார். நாமாக நிறுத்தக் கூடாது. இதயம், சிறுநீரகத் தொல்லை உள்ளவர்கள் எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம், உப்புக் கரைசல் ஆகுமா என்பதையும் டாக்டரிடமே கேட்க வேண்டும்.

இன்னொன்று. பேச்சு குழறினாலோ, ஆள் தடுமாறி உளறினாலோ, உடம்பு அனலாகக் கொதித்தாலோ வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை உடம்பை நனைத்து விசிறுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

அறைக்குள்ளேயே 40 டிகிரியைத் தாண்டினால் மின்விசிறி மட்டும் போதாது; சூட்டையே உடம்பின்மேல் அடிக்கும். அந்த நேரத்துக்கு அம்மாவைக் கீழ் வீட்டு அக்காவிடம் கொண்டுபோய் விடுவதென்று பேசி வைத்திருக்கிறோம். கீழ்த்தளம் எப்போதும் நம்மைவிடக் குளிர்ச்சி.

மே 13

நேற்று மாலை இடி, காற்று, நல்ல கோடை மழை. இன்று மதியம் வழக்கம்போலத் தட்டியை நனைத்தேன். அரை மணி நேரத்தில் அம்மாவுக்கு வியர்த்துக் கொட்டியது. காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கும்போது தட்டி ஈரமும் ஆவியாகாது, உடம்பு வியர்வையும் காயாது, புழுக்கம்தான் கூடும். உடனே கழற்றிவிட்டு ஜன்னலைத் திறந்து மின்விசிறியை ஓடவிட்டேன். சென்னை போன்ற கடலோர ஊர்க்காரர்கள் ஏர்கூலர் வாங்குமுன் இதை யோசிக்க வேண்டும்.

மே 14

தொட்டித் தண்ணீர் மாலையில் கொதிக்கிறது. விடிகாலையிலேயே இரண்டு வாளி பிடித்து மூடி, குளியலறையில் வைத்துவிடுகிறேன். படுக்கப் போகுமுன் அம்மாவுக்கு அதில் ஒரு குளியல்.

மே 20

சுண்ணாம்பு மழைக்கு இரண்டு இடத்தில் உதிர்ந்திருந்தது. டிரம்மில் மிச்சம் இருந்ததைப் பூசிவிட்டேன். கீழ் வீட்டு அக்கா மேலே வந்து பார்த்துவிட்டு, தன் தம்பி வீட்டுக்கும் அடிக்க வேண்டும் என்று கொத்தனார் அண்ணன் நம்பர் வாங்கிப் போனார்.

இரவு பத்து மணிக்கு 31. ஜன்னல்கள் திறந்திருக்கின்றன. அம்மா ஒன்பதரைக்கே தூங்கிவிட்டார்.