ஆர்லிங்டன் மாளிகை மாதிரி: தூண்கள் நிமிர்ந்தாச்சு, இனி கல்லறைகள்

அமெரிக்காவின் வர்ஜீனியாவில், போடோமாக் ஆற்றுக்கு மேலே குன்றில் நிற்கும் ஆர்லிங்டன் மாளிகையை 1:100 அளவில் சன்போர்டில் (மாதிரிகள் செய்யும் லேசான நுரைப்பலகை) கட்டிக்கொண்டிருக்கிறேன். முகப்பு 140 அடி. என் மேஜையில் சுமார் 43 செ.மீ. அளவெடுத்த வரைபடங்கள் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன, அதில் சிரமம் இல்லை. எந்த வருஷத்து வீட்டைக் கட்டுவது என்பதில்தான் மண்டை காய்ந்தது.

ஜார்ஜ் வாஷிங்டனின் வளர்ப்புப் பேரன் கஸ்டிஸ், தாத்தாவின் நினைவாக 1802-இல் தொடங்கி 1818-இல் முடித்த வீடு. கட்டியதிலும் உழைத்ததிலும் பெரும்பங்கு அடிமைகளுடையது. கஸ்டிஸின் மருமகன் ராபர்ட் லீ 1861 ஏப்ரலில், அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்மாநிலங்கள் பக்கம் போர் செய்யக் கிளம்பினார். மே மாதம் வடக்குப் படை வீட்டைப் பிடித்துத் தலைமையகமாக்கியது. நிலவரியை உரிமையாளரே நேரில் வந்து கட்ட வேண்டும் என்று விதி. லீயின் மனைவி உறவினர் மூலம் பணம் அனுப்ப, வாங்க மறுத்துவிட்டார்கள். 1864 ஜனவரியில் அரசாங்கமே 26,800 டாலருக்கு ஏலம் எடுத்தது. அதே வருஷம் மே மாதம் அந்த நிலத்தில் முதல் போர்வீரர் புதைக்கப்பட்டார். அப்புறம் வழக்கு, 1882-இல் லீயின் மகனுக்குச் சாதகமாக உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. கல்லறைகள் நிறைந்த இடத்தில் அவர் எங்கே குடியேறுவது? 1,50,000 டாலருக்கு அரசாங்கத்துக்கே விற்றுவிட்டார்.

பெரும்பாலும் 1861 வீட்டைத்தான் எல்லோரும் மாதிரியாகச் செய்வார்கள். ஆனால் 1925-இல் சட்டம் போட்டு, போருக்கு முந்தைய கோலத்துக்கே வீட்டைத் திருப்பிவிட்டார்கள். அதாவது இன்று நிற்பதே 1861-இன் முழு அளவு மாதிரிதான். அதை நான் வேறு ஒரு தடவை செய்வானேன்? 1864 கடைசியில் இருந்த வீடு என்று முடிவு செய்தேன்.

தூண்கள்தான் இதுவரை அதிக நேரம் தின்றவை. முன்வரிசையில் 6, பின்னால் 2. அடியில் 5 அடி விட்டம், அதாவது எனக்கு 15 மி.மீ. மேலே போகப்போகச் சிறுக்க வேண்டும். சார்ட் பேப்பரை ஒரு பக்கம் சாய்வாக வெட்டிச் சுருட்டினால் சிறுக்கல் தானாக வருகிறது. உள்மடிப்பில் மட்டும் ஃபெவிகால், இல்லாவிட்டால் வெளியே உப்பிக்கொள்ளும். உண்மையான தூண்களும் பளிங்கு இல்லை. செங்கல்லில் பூச்சு பூசி, பளிங்கு மாதிரி வண்ணம் தீட்டியவை. வாஷிங்டன் நகரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கான ஜம்பம்! வெள்ளை போஸ்டர் கலர் ஈரமாக இருக்கும்போதே சாம்பல் நிறத்தில் தோய்த்த தையல் நூலை மேலே இழுத்தேன். ரேகை அழகாக ஊறி நின்றது. இந்த அளவில் ரேகை தெரியவே கூடாதுதான், ஆனால் அழிக்க மனம் வரவில்லை.

பின்புறம் அடிமைகள் குடியிருந்த இரண்டு கட்டடங்களும் முடிந்தன. தெற்குக் கட்டடத்துக்கு மட்டும் கூரையைக் கழற்றும்படி வைத்திருக்கிறேன். செலினா கிரே குடும்பம் அங்கேதான் இருந்தது: கணவன், மனைவி, எட்டுப் பிள்ளைகள், ஒரே அறை. வீட்டிலிருந்த வாஷிங்டனின் பொருட்களைப் படையினர் எடுத்துப் போகாமல் காப்பாற்ற முன்வந்தவர் இவர். பின்னாளில் புதுப்பிப்பு நடந்தபோது எந்த அறை எப்படி இருந்தது என்று சொன்னவர்கள் இவருடைய மகள்கள்.

இப்போது பூந்தோட்டம். லீ குடும்பம் திரும்பி வரக் கூடாது என்றே அதன் ஓரத்தில் அதிகாரிகளைப் புதைத்தார்கள். அந்தக் காலத்தில் அடையாளத்துக்கு நட்டவை வெள்ளையடித்த மரப்பலகைகள். ஐஸ் குச்சியைச் சீவினாலும் தடிமன் அதிகமாகவே இருக்கிறது. தீப்பெட்டி மரச்சீவல் சரியாக வரும் போலிருக்கிறது.