மேரிலாண்ட் பெர்மிட்டுக்கு 16 மணி நேரம்

எங்கள் வீடு வர்ஜீனியாவில், எனக்கு வேலை பொடோமாக் ஆற்றுக்கு அந்தப் பக்கம் மேரிலாண்டில். கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துப்போக வர்ஜீனியா கோர்ட்டில் வாங்கிய பெர்மிட் ஐந்து வருடம் செல்லும், ஆனால் மேரிலாண்ட் வேறெந்த மாநிலத்துப் பெர்மிட்டையும் ஏற்பதில்லை, அதனால் தினமும் துப்பாக்கியை வீட்டில் வைத்துவிட்டுத்தான் போவேன். 2022 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரும்வரை அங்கே வலுவான காரணம் காட்டினால்தான் பெர்மிட் கிடைக்கும், ஆகவே நான் முயற்சி செய்யவே இல்லை. அதற்குப் பிறகுதான் மேரிலாண்ட் பெர்மிட்டுக்குக் கட்டாயமான 16 மணி நேரப் பயிற்சிக்குக் கிளம்பினேன்.

முதலில் ஒரு தப்பு செய்தேன். வீட்டுக்குப் பக்கத்தில் ஒருவரிடம் ஒருநாள் வகுப்புக்குப் பணம் கட்டிப் போய்வந்தேன், அப்புறம்தான் தெரிந்தது அவருக்கு மேரிலாண்ட் போலீஸின் பயிற்றுநர் அங்கீகாரம் இல்லை என்று. அந்தச் சான்றிதழ் எதற்கும் உதவவில்லை. தயவுசெய்து பணம் கட்டும் முன் அதை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வெளிமாநிலத்தவருக்கும் அதே 16 மணி நேரம்தான், நேரில்தான், ஆன்லைன் செல்லாது.

எனக்கு அது சனி, ஞாயிறு என்று இரண்டு முழு நாள். துப்பாக்கியின் பாகங்கள், பத்திரமாகக் கையாளுவது எல்லாம் ஏற்கெனவே தெரிந்ததுதான். சட்டமும் சண்டையைத் தணிப்பதும்தான் உண்மையில் புதிது. பார்க்கிங்கில் ஒருவன் கத்திக்கொண்டே வருகிறான், என்ன செய்வீர்கள் என்று பயிற்றுநர் ஒவ்வொருவராகக் கேட்டார், நான் பதில் சொல்லச் சொல்ல, காரை எடுத்துக்கொண்டு கிளம்பும் வழியை நான் யோசிக்கவே இல்லை என்று எனக்கே புரிந்தது. தற்கொலைத் தடுப்பு பற்றியும் பாடம் உண்டு. அந்த நேரம் அறையில் யாருமே பேசவில்லை. எனக்கு வீட்டில் பதின்ம வயதுப் பையன் இருக்கிறான், அன்று இரவே பூட்டுப் பெட்டியின் எண்ணை மாற்றினேன்.

கடைசியில் ரேஞ்ச், அதாவது சுட்டுக் காட்டும் இடம். 25 தோட்டா, 3 கஜத்திலிருந்து 15 கஜம் வரை, 70 சதவீதம் இலக்கில் பட வேண்டும். கிட்டத்தில் சிரமமே இல்லை. 15 கஜத்தில் எனக்கு எல்லாம் கீழே இடதுபக்கமாகப் போனது, விசையை வெடுக்கென்று இழுக்கிறீர்கள், மெதுவாக அழுத்துங்கள் என்றார் பயிற்றுநர். தேறிவிட்டேன், ஆனால் போகும் முன் ஒருநாள் தூரத்தில் வைத்துச் சுட்டுப் பழகியிருக்கலாம்.

அப்புறம் கைரேகை, ஆன்லைன் விண்ணப்பம், 125 டாலர், காத்திருப்பு, அவ்வளவுதான். முதல் பெர்மிட் இரண்டு வருடம், புதுப்பிக்கும்போது 8 மணி நேரப் பயிற்சி. எச்1பி போன்ற விசாவில் இருப்பவர்கள் வகுப்பில் சேரும் முன் வக்கீலிடம் கேளுங்கள், சில விதிவிலக்குகள் தவிர துப்பாக்கி வைத்திருப்பதையே மத்தியச் சட்டம் தடுக்கிறது.

இன்னொன்று. பெண்ணின் தமிழ்ப் பள்ளி மேரிலாண்டில் ஓர் அரசுப் பள்ளிக் கட்டடத்தில் நடக்கிறது. பெர்மிட் இருந்தாலும் அந்த வளாகத்துக்குள் கொண்டுபோகக் கூடாது, காரில் வைத்தும் கூடாது. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் துப்பாக்கி வீட்டுப் பெட்டியில்தான் இருக்கும்.