மருத்துவக் கல்லூரிக்கு முந்தைய வருஷம்

மதுரையிலிருந்து யார் போன் செய்தாலும், "எம்.பி.பி.எஸ். எத்தனாவது வருஷம்மா?" என்றுதான் கேட்கிறார்கள். நம் ஊரில் பன்னிரண்டாம் வகுப்பு, நீட், உடனே மருத்துவக் கல்லூரி. அமெரிக்காவில் நான்கு வருடப் பட்டம் முடித்து, எம்கேட் என்ற மருத்துவ நுழைவுத் தேர்வை எழுதிய பிறகுதான் பெரும்பாலும் விண்ணப்பமே போடுவார்கள். பட்டப்படிப்பு மதிப்பெண் போதாதவர்களும் என்னைப் போல வெளிநாட்டில் பட்டம் வாங்கியவர்களும் நடுவில் ஒரு முதுகலை சேர்வதுண்டு. 'ஸ்பெஷல் மாஸ்டர்ஸ்' என்பார்கள். ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் 1975 முதலே இது நடக்கிறது. முதலாண்டு மருத்துவ மாணவர்களின் பாடங்களையே படித்து, அவர்கள் எழுதும் தரத்திலேயே தேர்வு எழுத வேண்டும். இங்கே நன்றாகச் செய்தால் கதவு திறக்கலாம். சறுக்கினால் அந்த மதிப்பெண் விண்ணப்பத்தோடு கூடவே வரும்.

கல்யாணமாகி கிரீன் கார்டில் பாஸ்டன் வந்தவள் நான். அது பெரிய வாய்ப்பு. குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர்களைப் பல மருத்துவக் கல்லூரிகள் எடுப்பதே இல்லை. கம்யூனிட்டி காலேஜில் வேதியியலும் இயற்பியலும் முடித்துத்தான் இந்தப் படிப்பில் சேர்ந்தேன்.

முதல் பருவத்தில் எல்லார் வாயிலும் ஒரே பேச்சு, நேரம் போதவில்லை என்பதுதான். ஒரே வகுப்பில் நெஃப்ரான், அதாவது சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகட்டி அலகு, முழுவதையும் கடந்துவிடுவார்கள். மறுநாள் அமில-காரச் சமநிலை. இரவெல்லாம் விழித்து ஸ்லைடுகளைத் திரும்பத் திரும்ப வாசிப்பவர்களைப் பார்க்கும்போது மனசு கனக்கிறது. உழைப்பில் குறையே இல்லை, ஆனால் அந்த உழைப்பு தேர்வு வரை தங்குவதில்லை. 2006இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் இதைச் சோதித்தார்கள். ஒரு பகுதியை மறுபடி வாசித்தவர்கள், ஐந்து நிமிடம் கழித்து வைத்த சோதனையில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோது, மறுபடி வாசிப்பதை விட்டுவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கே அதிகம் நினைவிருந்தது. படித்த உடனே வரும் தெளிவை நம்பி நேரத்தைச் செலவிடக் கூடாது என்று இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டேன்.

ஆகவே என் நாளை மணிக்கணக்காகப் பிரிக்காமல் வேலையின் தன்மையைப் பார்த்துப் பிரித்தேன். விடியற்காலை, முந்தைய நாள் பாடத்துக்கு. புத்தகத்தை மூடிவிட்டு வெள்ளைத்தாளில் நெஃப்ரானை வரைவேன். எந்த இடத்தில் சோடியம் உள்ளே போகிறது, ஆல்டோஸ்டீரோன் என்ற ஹார்மோன் எங்கே வேலை செய்கிறது, ஃப்யூரோசமைடு என்ற சிறுநீர் பெருக்கும் மருந்து எங்கே தடுக்கிறது என்று அம்புக்குறி போடுவேன். கை எங்கே நிற்கிறதோ அதை மட்டும் திரும்பப் படித்தால் போதும். உடலியங்கியலுக்கு இதைவிட நல்ல வழியை நான் பார்க்கவில்லை. பாஸ்டன் பக்கத்திலுள்ள மால்டனிலிருந்து ஆரஞ்சு லைன் ரயிலில் போகும் நேரம், 'Anki' என்ற செயலியில் வரும் கேள்வி-பதில் கார்டுகளுக்கு. நொதிகளின் பெயர், நரம்புகளின் பெயர் போன்றவற்றுக்கு அது பொருத்தம். ஆனால் ஒரு நாள் விட்டால் மறுநாள் கார்டுகள் மலைபோலக் குவிந்துவிடும். அதனால் புதுக் கார்டுகளை அளவோடுதான் சேர்க்கிறேன். இரவு எட்டுக்கு மேல் புதிதாக எதையும் தொடுவதில்லை.

அம்மாவுடன் பேசுவதற்கும் இடம் வைத்திருக்கிறேன். ஸ்டேஷனுக்கு நடக்கும் காலை ஏழு மணி, கோடையில் மதுரையில் மாலை நாலரை. நவம்பரில் இங்கே கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளியதும் அது ஐந்தரை ஆகிவிடும். அம்மா வாசல் தெளிக்கும் நேரத்தோடு ஒத்துப் போகிறது. சமையல் ஞாயிறன்று. குழம்பும் பொரியலும் கணவரோடு சேர்ந்து செய்து டப்பாக்களில் அடைத்து வைத்தால் வியாழன் வரை வரும்.

எம்கேட்டை இந்தப் பருவங்களோடு சேர்த்துப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம் என்று என்னிடம் கேட்பவர்களுக்கெல்லாம் சொல்கிறேன். 230 கேள்விகள், இடைவேளையோடு ஏழரை மணி நேரம். அது தனியாக உட்கார்ந்து பழக வேண்டிய தேர்வு. முடிந்தால் சேர்வதற்கு முன்பே எழுதிவிடுங்கள். முடியாதென்றால் வகுப்புகள் முடிந்த கோடையில் வையுங்கள். முதல் பருவத்தில் பகுதிநேர வேலையும் வேண்டாம். கையில் பணம் கொஞ்சம் இறுகினாலும் அந்த மாதங்களை முழுசாகப் படிப்புக்கே கொடுங்கள்.