கோட்டை என்றால் 21 மரக்கால்

எங்கள் திருநெல்வேலிச் சீமையில் கோட்டை என்ற சொல் முதலில் நெல்லைக் குறிக்கும். மதிலும் அகழியும் அதற்குப் பிறகுதான். மரக்கால் என்பது தானியம் அளக்கும் ஏனம்; 21 மரக்கால் நெல் ஒரு கோட்டை. அத்தனை விதைநெல் பாவக்கூடிய வயல் ஒரு கோட்டை விதைப்பாடு. பெண் கொடுக்கப் போகிறவர்கள் "மாப்பிள்ளை வீட்டுக்கு எத்தனை கோட்டை?" என்று விசாரித்தால், எந்தக் கிழவரும் மதிலை எண்ணிப் பதில் சொன்னதில்லை. சென்ற கோடையில், டென்மார்க்கின் ஓடென்சே நகரில் வேலை பார்க்கும் என் மகன் எங்களை ரயிலில் ஏற்றி, தெற்கே க்வேர்ன்ட்ரூப் என்ற சிற்றூரில் இறக்கி, எகெஸ்கோவ் மாளிகையைக் காட்டக் கூட்டிப்போனபோது, நீருக்குள் நிற்கும் அந்தச் செங்கற் கட்டடத்தைப் பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தோன்றிய கேள்வியும் அதுதான்: இதற்கு எத்தனை கோட்டை விதைப்பாடு இருந்திருக்கும்?

எகெஸ்கோவ் என்றால் ஓக் காடு. ஃபூன் தீவில் ஒரு சிறு ஏரியின் நடுவே, சேற்றில் ஓக் மரத்தடிகளை நெருக்கமாக அடித்து இறக்கி, அவற்றின் மேல் இந்த வீட்டை எழுப்பியிருக்கிறார்கள். அதற்காக ஒரு முழுக் காடே அழிந்தது என்று சொல்வதுண்டு. கட்டியவர் ஃபிரான்ஸ் புரோக்கன்ஹூஸ். ஆன் டின்ஹூஸ் என்ற பெண்ணை 1545இல் மணந்தபோது அவள் வழியாக வந்த நிலம் இது. வீடு 1554இல் முடிந்தது. மாமனார் வீட்டுச் சொத்தில் மருமகன் மாளிகை கட்டுவது நமக்கும் புதிதல்ல.

ஏரிக்குள் ஏன் கட்டினார்கள் என்பதற்கு விடை, அதற்கு முந்தைய இருபது ஆண்டுகளில் இருக்கிறது. 1534 முதல் 1536 வரை டென்மார்க்கில் அரசுரிமைக்காக ஓர் உள்நாட்டுப் போர் நடந்தது. அதில் குடியானவர்கள் திரண்டெழுந்து பிரபுக்களின் மாளிகைகள் பலவற்றுக்குத் தீ வைத்தார்கள். எழுச்சி கொடூரமாக ஒடுக்கப்பட்டது என்றாலும், எரிந்த வீடுகளைப் பார்த்துவிட்ட பிரபுக்களுக்குத் தூக்கம் வரவில்லை போலும். எகெஸ்கோவ் உண்மையில் ஒரு வீடல்ல, இரண்டு. நீண்ட இரு வீடுகளை முதுகோடு முதுகு சேர்த்து, நடுவே ஒரு மீட்டருக்கு மேல் கனமான சுவரை வைத்திருக்கிறார்கள். அந்தச் சுவருக்குள்ளேயே ஒளிந்த படிக்கட்டும் கிணறும் உண்டு. முன்வீடு எதிரியின் கைக்குப் போனாலும், பின்வீட்டுக்கு ஒதுங்கி, தண்ணீருக்குத் தவிக்காமல் சண்டையைத் தொடரலாம். சுவரை ஒட்டி நின்று ஒரு செங்கல்லைக் கையால் அளந்து பார்த்தேன். என் சாணுக்கு மேலும் நாலு விரற்கடை நீண்டது. தன் வயலில் உழுகிறவனுக்குப் பயந்து ஒருவர் இத்தனை கனத்தில் சுவர் எழுப்பியிருக்கிறார் என்ற நினைப்பு, கோபுரங்களின் அழகை ரசிக்கவிடாமல் என்னை அங்கேயே நிறுத்திவைத்தது.

அந்தச் சுவர் வெளியாரைத் தடுத்ததோ இல்லையோ, வீட்டுப் பெண்ணை அடைத்துவைக்கப் பயன்பட்டது. ஃபிரான்ஸின் மகன் லவ்ரிட்ஸுக்கு ரிக்போர் என்று ஒரு மகள். அரசியின் தோழியாக அரண்மனையில் இருந்தவள். ஃபிரெடெரிக் ரோசன்கிரான்ஸ் என்ற பிரபு குலத்து இளைஞனோடு பழகி, 1599இல் மணமாகாமலே ஓர் ஆண்பிள்ளையைப் பெற்றாள். தகப்பனார் அவளை எகெஸ்கோவில் ஓர் அறைக்குள் பூட்டினார். 1604இல் அவர் இறந்த பிறகுதான் கதவு திறந்தது. ஃபிரெடெரிக்குக்கு இரண்டு விரல்களை வெட்டி, பிரபுப் பட்டத்தையும் பறிக்க வேண்டும் என்று தீர்ப்பு. பின்பு அது தளர்த்தப்பட்டு, துருக்கியரை எதிர்த்துப் போரிட ஹங்கேரிப் பக்கம் அனுப்பப்பட்டான், 1602இல் அங்கேயே மடிந்தான். அறையைப் பார்த்துவிட்டு வெளியே வந்த என் மனைவி, "சாதிக் கௌரவத்துக்கு ஊர் ஏது, நாடு ஏது" என்று மட்டும் சொன்னாள்.

இனி என் கேள்விக்கு வருகிறேன். டென்மார்க்கிலும் நிலத்தைத் தானியத்தால்தான் அளந்திருக்கிறார்கள். ஒரு பீப்பாய் விதை விழும் பரப்பு 'டோன்டெ லாண்ட்', அதாவது பீப்பாய் நிலம். இன்றைய கணக்கில் ஏறத்தாழ 1.36 ஏக்கர். வரிக்கு வேறோர் அளவு வைத்திருந்தார்கள். நிலத்தின் பரப்பை விட்டுவிட்டு, அதன் விளைச்சலை ரை, வாற்கோதுமை ஆகிய தானியங்களின் பீப்பாய்க் கணக்காக மதிப்பிட்டார்கள்; 1688இல் நாடு முழுவதையும் அப்படி அளந்து பதிவேடு எழுதினார்கள். இதில் எனக்குப் பெரிதாகப்பட்ட விஷயம் ஒன்று உண்டு. ஒரு மாளிகையின் சொந்தப் பண்ணைக்கு வரிவிலக்கு வேண்டுமென்றால், அதைச் சுற்றி இரண்டு டேனிஷ் மைல், அதாவது சுமார் 15 கிலோமீட்டருக்குள், குடியானவர்கள் குத்தகைக்கு உழும் நிலம் 200 பீப்பாய் மதிப்புக்கு அதற்குச் சேர்ந்திருக்க வேண்டும். 1671ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாரன் என்ற பட்டத்துக்கு 1,000 பீப்பாய், கவுண்ட் என்ற பட்டத்துக்கு 2,500 பீப்பாய். ஆக, கோபுரமும் அகழியும் இருந்தால் மட்டும் சட்டத்தின் கண்ணில் அது முழு மாளிகை ஆகிவிடாது, உழுகிறவன் வேண்டும்.

அந்தக் குடியானவன் குத்தகை கொடுத்ததோடு விட்டதா? தன் குதிரையையும் ஏரையும் ஓட்டிக்கொண்டு போய்ப் பிரபுவின் பண்ணையில் கூலியில்லாமல் உழுது, அறுத்து, போரடித்துக் கொடுக்க வேண்டும். அதற்கு அவர்கள் மொழியில் 'ஹோவெரி' என்று பெயர். நாம் வெட்டி என்போம், ஊழியம் என்போம். தானிய விலை சரிந்து ஆட்கள் ஊரைவிட்டுக் கிளம்பத் தொடங்கியதும், 1733இல் ஒரு சட்டம் வந்தது. 14 வயது முதல் 36 வயது வரையுள்ள குடியானவ ஆண்கள் தாம் பிறந்த பண்ணை எல்லையை விட்டுப் போகக்கூடாது என்றது. 1764இல் அந்த வயதைக் கீழே 4 என்றும் மேலே 40 என்றும் நீட்டினார்கள். நாலு வயதுப் பிள்ளை எங்கே ஓடிவிடும் என்று தெரியவில்லை. 1788ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் தேதி அந்தக் கட்டை அவிழ்த்தார்கள். அதன் நினைவாகக் கோபன்ஹேகனில் ஒரு தூண் நிற்கிறது. அங்கே போனபோது நாங்கள் இறங்கிய பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் என்பதால் இரண்டு முறை பார்த்தேன்.

எகெஸ்கோவ் பல கை மாறி, 1784இல் ஹென்ரிக் பில்லெ-பிராஹெ என்பவர் வாங்கியதிலிருந்து அந்த வழியிலேயே நிலைத்துவிட்டது. 1882இல் பொறுப்பேற்றவர் ஹெல்கோ செட்டர்வால் என்ற ஸ்வீடன் நாட்டுக் கட்டடக் கலைஞரைக் கொண்டு கோபுரங்களை உயர்த்தியும், பண்ணைக்குள் பால்பண்ணை நடத்தியும் காலத்துக்கு ஈடுகொடுத்தார். இப்போது நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு யாரும் உள்ளே போகலாம்.

இங்கேதான் நம் ஜமீன்களின் நினைவு வந்தது. அங்கே மூத்தவனுக்கே முழுச் சொத்து, பிரிக்கவோ விற்கவோ கூடாது என்ற ஏற்பாட்டில் பல பெரும் பண்ணைகள் இருந்தன. இங்கே 1904ஆம் ஆண்டுச் சென்னைச் சட்டமும் பிரிக்க முடியாத ஜமீன்களை அப்படித்தான் கட்டிக்காத்தது. இரண்டையும் அவிழ்த்த விதம்தான் வேறு. 1919ஆம் ஆண்டு டேனிஷ் சட்டம், நிலத்தில் மூன்றில் ஒரு பங்கைச் சிறு விவசாயிகளுக்காக விலைக்கு ஒப்படைத்து, சொத்து மதிப்பில் ஒரு பகுதியை அரசுக்குச் செலுத்திவிட்டால், மீதியை முழு உரிமையோடு வைத்துக்கொள்ளலாம் என்றது. 1948ஆம் ஆண்டுச் சென்னை எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் ஜமீனையே அரசின் கைக்குக் கொண்டுவந்து, உழுதவனே நேரே அரசுக்கு வரி கட்டும் ரயத்துவாரிப் பட்டாவை அவனுக்குக் கொடுத்தது. மிஞ்சிய பண்ணை நிலத்துக்கும் 1961இல் 30 தர ஏக்கர் என்று உச்சவரம்பு வந்தது. வயல் போன பிறகு ஓட்டைப் பிரித்து மேய யாரிடம் பணம் இருக்கும்? தேக்குத் தூண் சாய்ந்து, முற்றத்தில் எருக்கு முளைத்த ஜமீன் வீடுகளை நம் பக்கத்தில் யார் பார்த்ததில்லை? சிங்கம்பட்டி மன்னர் ஆடி அமாவாசையன்று சொரிமுத்து அய்யனார் கோயிலில் ராஜ உடையில் அமர்ந்த காட்சியும் 2020இல் அவர் மறைந்ததோடு முடிந்தது. பாஞ்சாலங்குறிச்சிக் கதை வேறு. அந்தக் கோட்டையை இடித்து ஆமணக்கு விதைத்தார்கள் என்று ஊரில் சொல்வார்கள்.

எந்தச் சட்டம் மேல் என்று மகன் கேட்டான். வீட்டைக் காப்பாற்றியது அவர்களுடைய சட்டம். ஆனால் எனக்கு அதில் ஆசைப்பட வழியில்லை. மலையடிவாரத்தில் ஒரு ஜமீனுக்கு வாரம், அதாவது விளைச்சலில் பங்கு, அளந்துகொண்டிருந்த என் தாத்தாவின் கையில் பட்டா வந்தது நம் சட்டத்தால்தான்; அந்த வயலில்தான் என் படிப்பும், என் படிப்பில்தான் அவன் ஓடென்சே வேலையும் விளைந்தன.

எகெஸ்கோவின் பெரிய களஞ்சியங்களில் இன்று பழைய கார்களை வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். மகன் கார்களைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் உத்திரத்தை அண்ணாந்து பார்த்தபடி, பீப்பாய்களை எந்த வாசலில் வைத்து அளந்திருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ஆச்சி சொல்வாள்: ஜமீன் களத்தில் வாரம் வாங்குகிற மரக்கால் வேறு, கூலி கொடுக்கிற மரக்கால் வேறு, கண்ணுக்குத் தெரியாது, படி போட்டுப் பார்த்தால்தான் தெரியும். எங்கள் வீட்டுப் பரணில் இரும்புப் பூண் போட்ட மரக்கால் ஒன்று இன்னும் கிடக்கிறது. ஊர் திரும்பியதும் அதை இறக்கித் துடைத்து, படியால் அரிசி அளந்து ஊற்றிப் பார்த்தேன். ஒரு மரக்காலுக்குரிய எட்டுப் படி போட்டும் தலை தட்டவில்லை. இன்னும் ஒரு கை அரிசி பிடித்தது.