காற்றுக்கு ஒதுங்கிப் போன கப்பல்

விவிலியத்தில், கைதியாகக் கொண்டுபோகப்பட்ட திருத்தூதர் பவுலின் ரோமாபுரிப் பயணத்தில் எனக்குப் பிடித்தது புயல் அல்ல, அதற்கு முந்திய இழுபறிதான். இன்றைய லெபனான் கரையிலுள்ள சீதோனிலிருந்து மேற்கே போகவேணும். கோடையில் அங்கே வீசுவதோ பெரும்பாலும் மேற்குக் காற்று. அந்தக் காலத்துச் சதுரப் பாய் எதிர்காற்றில் லேசில் ஏறாது. அதனால் சைப்பிரஸ் தீவின் மறைவில் ஒதுங்கி, இன்றைய துருக்கியின் தென்பக்கச் சிலிசியாக் கரையைப் பிடித்தார்கள். அங்கே மேற்கே இழுக்கும் நீரோட்டம் உண்டு, இரவில் கரைக்காற்றும் கிடைக்கும்.

யாழ்ப்பாணத்துக் குருநகரில் சோளகம் என்ற தென்மேற்குக் காற்றோடு மல்லுக்கட்டிய என் அப்பப்பா, அந்த வசனத்தில் விரலை வைத்து, "கடல் தெரிஞ்ச தண்டல்தான்" என்பார். தண்டல் என்றால் கப்பலோட்டி.

அந்தக் கரையோர மீராத் துறையில் அலெக்சாந்திரியாக் கப்பலுக்கு மாறினார்கள். கினிதுத் துறையை நெருங்கவே பல நாள். கிரேத்துத் தீவின் 'நல்ல துறைமுக'த்தில், யூதரின் இலையுதிர்கால நோன்பு நாளும் கழிந்து, கடல் ஆபத்தாகும் காலம் வந்த பிறகு, இனிப் போகவேண்டாமென்று பவுல் தடுத்தார். அவரைக் காவலில் கொண்டுபோன ரோமப் படையின் நூற்றுவர் தலைவர் கேட்கவில்லை. கப்பலில் 276 பேர்.

அப்பப்பாவுக்கு அங்கே கோபமே வரும்: "வாடைக்கொண்டல் எழும்புற நேரம் ஆரும் பாய் விரிப்பானோ?" (வாடைக்கொண்டல் என்பது வடகிழக்குக் காற்று.)