மூன்றாவது வாரத்தில் மினாக்ஸிடிலைத் தூக்கிப் போடாதீர்கள்

இருபது, இருபத்திரண்டு வயதில் நெற்றியின் இரு ஓரமும் ஏறத் தொடங்கினால் பழி முதலில் போர் தண்ணீர் மேல் விழும். அடுத்து ஹெல்மெட், அதற்கடுத்து ஷாம்பு. பரம்பரை வழுக்கைக்கு மூன்றும் காரணமில்லை. டெஸ்டோஸ்டிரோனிலிருந்து உருவாகும் டி.எச்.டி. என்ற ஹார்மோனுக்கு உச்சியிலும் முன்நெற்றியிலும் உள்ள முடிவேர்கள் மெல்ல மெல்லச் சுருங்குகின்றன. ஒவ்வொரு முறையும் முளைப்பது முன்பைவிட மெலிந்த முடி. அப்பாவுக்கு அடர்த்தியாக இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது, அம்மா வழியிலும் இது வரும்.

டெங்குவோ டைபாய்டோ வந்து இரண்டு மூன்று மாதம் கழித்துத் தலை முழுக்கக் கொத்துக் கொத்தாகக் கொட்டினால் அது வேறு சங்கதி. பெரும்பாலும் தானாகவே முளைத்துவிடும்.

பரம்பரை வழுக்கைதான் என்று தோல் மருத்துவர் சொன்னால் வழக்கமாகத் தொடங்குவது 5% மினாக்ஸிடில், தலையில் தடவும் மருந்து. ஒரு வேளைக்கு 1 மில்லி, காலையும் இரவும். தலை காய்ந்திருக்க வேண்டும். முடியை வகிடு பிரித்து, மருந்தைத் தோலில் விட்டு, விரலால் பரப்பிக் கையைக் கழுவுங்கள். பலர் முடியில்தான் தடவுகிறார்கள். அதனால் மருந்துதான் வீண். நான்கு மணி நேரம் தலைக்குக் குளிக்க வேண்டாம். ஈரத்தோடு படுத்தால் தலையணை வழியாக முகத்தில் ஒட்டி அங்கே முடி முளைக்கும். அளவை இரட்டித்தால் பலன் இரட்டிக்காது, படபடப்பும் தலைசுற்றலும்தான் கூடும். அரிப்பும் செதிலும் வந்தால் பெரும்பாலும் கரைசலில் உள்ள புரோப்பிலீன் கிளைக்கால் காரணம். அது இல்லாத நுரை வடிவத்துக்கு மாறலாம். வீட்டில் பூனை இருந்தால் கவனம், இந்த மருந்து அதற்குக் கொடிய விஷம்.

இரண்டாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரத்துக்குள் முடி முன்பைவிட அதிகம் கொட்டலாம். ஓய்வில் இருந்த பழைய முடியைப் புது முடி தள்ளுகிறது, அவ்வளவுதான். "இருந்ததும் போச்சே" என்று பாட்டிலைக் குப்பையில் போடுவது இந்தக் கட்டத்தில்தான். மாதம் ஒருமுறை அதே இடத்தில், அதே வெளிச்சத்தில் படம் எடுங்கள். நான்கு மாதம் ஆகும் முன் கண்ணாடியை நம்ப வேண்டாம். பலிக்கிறதா இல்லையா என்று முடிவு கட்ட ஒரு வருடம் வேண்டும்.

மினாக்ஸிடில் டி.எச்.டி.யைத் தொடுவதில்லை. அதைக் குறைப்பது ஃபினாஸ்டரைடு, தினம் 1 மில்லிகிராம். அமெரிக்காவில் 1997-இல் ஆண்களின் வழுக்கைக்கு அனுமதி பெற்ற மாத்திரை. நூற்றில் ஓரிருவருக்குப் பாலுறவு நாட்டம் அல்லது விறைப்பு குறையலாம், சிலருக்கு மனச்சோர்வும் வரலாம். அதனால் மெடிக்கலில் கேட்டு வாங்குகிற மாத்திரை அல்ல இது, மருத்துவர் பார்த்துத் தரவேண்டும். உடைந்த மாத்திரையைக் கர்ப்பிணிகள் தொடக்கூடாது, ஆண் சிசுவைப் பாதிக்கும்.

பயோட்டின் குறைபாடு இல்லாதவருக்கு பயோட்டின் மாத்திரை பணச்செலவு மட்டுமல்ல, தைராய்டு பரிசோதனை முடிவையும் குழப்பும். இருபத்திரண்டில் முடி நடுவதற்கும் அவசரம் வேண்டாம்: நட்ட இடத்துக்குப் பின்னால் உள்ள சொந்த முடி தொடர்ந்து உதிர, நட்டது மட்டும் முன்னால் தீவு மாதிரி நிற்கும்.

மருந்தை நிறுத்தினால், அதன் தயவில் உதிராமல் நின்ற முடி சில மாதங்களில் போய்விடும். மாதச் செலவைக் கணக்குப் போட்டுவிட்டு முதல் பாட்டிலை வாங்குங்கள்.